கட்டிக்குள் ஆக்சிஜன்: கரண்ட் வைக்கும்போது எந்த வழி, எந்த வரிசையில்?

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய், ஏழு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததுமே வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார். அவர் கண்ணில் சீக்கிரமே படும் சங்கதி ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைந்த கட்டியைக் கதிர்வீச்சு லேசில் கொல்லாது. உண்மைதான். அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் ஆக்சிஜனை ஏற்றிவிடலாமே? உயர் அழுத்த அறையில் படுக்கவைக்கலாமா, சிலிண்டர் வாங்கலாமா, ரத்தம் ஏற்றலாமா, இதற்கென்று மாத்திரை ஏதும் உண்டா?

இந்த வழிகள் எல்லாமே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுவிட்டன. உயர் அழுத்த அறையின் கதை 1955இல் தொடங்குகிறது. ஆகவே ஊகத்துக்கு வேலையில்லை, முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம். பார்த்தபின் நான் போடும் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிட்டிங்குக்கும், அதாவது கதிர் வைக்கும் ஒவ்வொரு தடவைக்கும், தவறாமல் போவதும் பீடி சிகரெட்டை விடுவதும் முதலிடம். அப்புறம், கரண்டோடு சேர்த்துக் கொடுக்கும் கீமோ. அதற்குப் பின்னால்தான் ஆக்சிஜன் குறைவுக்கென்றே வந்த மருந்துகள். உயர் அழுத்த அறை கடைசி. ரத்தம் ஊறுவதற்கான ஊசியை வரிசையிலேயே சேர்க்கவில்லை. ஏன் இப்படி என்று புரிய, கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் 98, கட்டிக்குள் 9

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது 98 என்று காட்டினால், தமனி ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழு மூட்டையையும் சுமந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். மூட்டை எங்கே இறங்குகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 95 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம். நல்ல திசுக்கள் பெரும்பாலானவற்றில் 30க்கு மேல் இருக்கும். தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகள் 397இல் ஊசி போன்ற மின்முனையைச் செருகி, பல நாட்டு மையங்கள் சேர்ந்து அளந்த கணக்கு 2005இல் வெளியானது. நடு அளவு 9. அதிலும் சில கட்டிகளில் பூச்சியம். அளவு மிகக் குறைந்த இடங்கள் எந்தக் கட்டியில் அதிகமோ அந்த நோயாளிகள் கரண்டுக்குப் பிறகு பிழைத்திருந்த காலமும் குறைவு.

ஏன் இவ்வளவு குறைகிறது? கட்டி அவசரமாக வளர்கிறது, ரத்தக் குழாய்கள் அதே வேகத்தில் ஒழுங்காக வளர்வதில்லை. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றுக்கட்டிகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தம் கிடைக்கும் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 180 மைக்ரான் வரைதான் செல்கள் உயிரோடிருந்தன. அதாவது இரண்டு தலைமுடியின் பருமன். அதற்கு அப்பால் இருந்தவை செத்த செல்கள். உயிருக்கும் சாவுக்கும் நடுவே பட்டினி கிடக்கும் ஒரு வரிசை உண்டு, தொல்லையே அதுதான். இது நாள்பட்ட ஆக்சிஜன் குறைவு. இன்னொரு வகையும் இருக்கிறது. கட்டியின் குழாய்கள் திடீரென அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் திறந்துகொள்ளும். இன்று காலை பட்டினி கிடந்த இடம் நாளை காலை நன்றாக இருக்கலாம்.

கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கும்போது அந்த உடைப்பில் ஆக்சிஜன் வந்து ஒட்டினால் சேதம் நிலைத்துவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் உடைந்த இடம் பழையபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால்தான் ஆக்சிஜன் அறவே இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு டோஸ் தேவைப்படுகிறது. இந்த வேலை முழுவதும் மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கதிர் பாயும் அந்தக் கணத்தில் ஆக்சிஜன் அங்கே இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து மாலையில் ஆக்சிஜன் பிடித்தால் அன்றைய சிட்டிங்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, தேவையான அளவு ரொம்பக் குறைவு. அழுத்தம் 3 மி.மீ. வந்தாலே பாதிப் பலன் கிடைத்துவிடுகிறது. 20, 30ஐத் தாண்டினால் கூடுதலாக ஒன்றும் இல்லை. நன்றாக ரத்தம் ஓடும் கட்டிக்கு மேலும் மேலும் ஆக்சிஜன் ஊட்டுவதில் அர்த்தமில்லை.

ஏழு வாரத்தில் என்ன மாறுகிறது

ஆக்சிஜன் சிகிச்சை விளம்பரங்களில் இந்தப் பகுதி வருவதில்லை. கரண்ட் வைப்பதே கட்டிக்கு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது.

முதல் சில சிட்டிங்குகளில் சாவது ரத்தக் குழாயை ஒட்டி வசதியாக இருக்கும் செல்கள். ஆக்சிஜனை அதிகமாக இழுத்துக்கொண்டிருந்ததும் அவைதான். தலைமடை வயல் தண்ணீர் இழுப்பதை நிறுத்தினால் கடைமடைக்குப் பாய்வது போல, அவை போனதும் உள்ளே பட்டினி கிடந்த செல்களுக்கு ஆக்சிஜன் எட்டுகிறது. கட்டி சுருங்கச் சுருங்க, நசுங்கிக் கிடந்த குழாய்களும் விரிகின்றன. நேற்று தப்பித்தது இன்று ஆக்சிஜனோடு இருக்கிறது, இன்றைய சிட்டிங்கில் மாட்டிக்கொள்கிறது. மொத்த டோஸையும் ஒரே நாளில் கொடுத்துவிடாமல் 30, 35 சிட்டிங்காகப் பிரிப்பதற்கு இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஒரே தடவையில் மிகப் பெரிய டோஸ் கொடுத்தால் நேர்மாறாகக் குழாய்களே சேதமாகி, கொஞ்ச காலத்துக்காவது ஆக்சிஜன் இன்னும் குறையலாம்.

எல்லாக் கட்டியும் இப்படி ஒத்துழைப்பதில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மட்டும் தங்கும் எஃப்-மிசோ என்ற மருந்தைச் செலுத்தி, சிகிச்சைக்கு முன்பும் நடுவிலும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வு சிறியது, 25 நோயாளிகள்தான். ஆனால் பிறகு வேறு நோயாளிகளிடமும் அதே போக்கு தெரிந்தது: சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ஸ்கேனைவிட, இரண்டாம் வார வாக்கில் எடுத்த ஸ்கேன்தான் பின்னால் கட்டி திரும்பி வருமா என்பதை நன்றாகக் காட்டியது. இரண்டு வாரம் கரண்ட் வைத்த பிறகும் பட்டினியாகவே கிடக்கும் கட்டிதான் ஆபத்தானது.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கதிர் பாயும் நேரத்தில் அது வேலை செய்கிறதா? தானாக ஆக்சிஜன் திரும்பாத கட்டிக்கு அது பயன்படுகிறதா?

உயர் அழுத்த அறை

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் குழு 1955இல் செய்தது துணிச்சலான காரியம். நோயாளியை மூடிய கலத்துக்குள் வைத்து, மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து, அப்படியே வெளியிலிருந்து கதிர் பாய்ச்சினார்கள். தொடக்கத்தில் மயக்க மருந்தும் கொடுத்தார்கள். அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழியக் கூடாது என்று முன்கூட்டியே அதில் துளையும் போட்டார்கள்.

கணக்குப் படி இது வேலை செய்ய வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன் இருக்கும். அதில் 0.3 மில்லி மட்டும்தான் கரைந்த நிலையில், மீதியெல்லாம் ஹீமோகுளோபினில். ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் சிலிண்டர் ஆக்சிஜன் பிடித்தால் கரைந்த பங்கு 2 மில்லிக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். மூன்று மடங்கு அழுத்தத்தில் அது 6 மில்லியாகிறது. இது சின்ன விஷயமில்லை.

சோதனைகளிலும் பலன் தெரிந்தது. 19 சோதனைகளில் 2,286 நோயாளிகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கட்டி கட்டுப்பட்டதும் உயிர் பிழைத்ததும் கூடுதல். அப்படியானால் ஏன் கைவிட்டார்கள்? அந்தக் காலத்தில் கலத்துக்குள் தினமும் ஆளை ஏற்றி இறக்க முடியாததால், குறைந்த எண்ணிக்கையில் பெரிய பெரிய டோஸாகக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் கட்டி நடுவில் ஆக்சிஜன் பெற வாய்ப்பே குறைவு. ஆகவே உயர் அழுத்தம் ஜெயித்தது பலவீனமான எதிராளியிடம். இன்றைய 35 சிட்டிங்கோடு மோதவிட்டால் அதே பலன் வருமா என்பது வேறு கேள்வி. பக்க விளைவும் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல திசுக்களில் கடுமையான கதிர்வீச்சுக் காயங்கள் கூடின, வலிப்பும் வந்தது.

விளம்பரத்தில் வரும் உயர் அழுத்த அறை வேறு. அதில் கதிர் பாய்ச்சுவதில்லை. காலையில் கரண்ட், மாலையில் அறை என்றால் மேலே சொன்ன மில்லி விநாடிக் கணக்கு இடிக்கிறது. அறையிலிருந்து வெளியே வந்த சில நிமிடங்களில் கூடுதல் ஆக்சிஜன் போய்விடும். கரண்ட் முடிந்து பல மாதங்கள் கழித்துத் தாடை எலும்பு அரித்துப் போனவர்களுக்கு இந்த அறையைப் பரிந்துரைப்பதுண்டு. அது தனிக் கதை, இந்த முடிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கார்போஜனும் நிகோட்டினமைடும்

சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதைச் சமாளிக்க 2 சதவீதம் கார்பன் டை ஆக்சைடைக் கலந்து கொடுப்பதுதான் கார்போஜன். முன்பு 5 சதவீதம் கலந்தார்கள், மூச்சு முட்டுகிறது என்று பலரால் தாங்க முடியவில்லை. இது நாள்பட்ட குறைவுக்கு. திடீர் திடீரென அடைக்கும் குழாய்களுக்கு நிகோட்டினமைடு, அதாவது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம், வைட்டமின் மாத்திரையில் இருப்பதைவிடப் பல மடங்கு அளவில். இரண்டு வகைக் குறைவையும் ஒரே சமயத்தில் குறிவைப்பதால் யோசனை அழகானது.

நெதர்லாந்தில் குரல்வளைப் புற்றுநோய்க்காரர்கள் 345 பேரிடம் செய்த சோதனை 2012இல் வெளியானது. குரல்வளைக் கட்டியைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு அணிக்கும் வித்தியாசமில்லை. கழுத்து நெறிகட்டியில் மட்டும் 86 சதவீதம் 93 ஆனது. ஆனால் கட்டியில் ஆக்சிஜன் குறைவு என்று முன்கூட்டியே சாயம் வைத்துக் கண்டுபிடித்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், 55 சதவீதம் 100 ஆனது. சின்னக் குழுதான், அந்த 100ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. என்றாலும் திசை தெளிவு: பட்டினி கிடக்கும் கட்டிக்குத்தான் ஊட்ட வேண்டும்.

இதைவிட வலுவான முடிவு சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கிடைத்தது. இங்கிலாந்தில் 333 பேரிடம் நடந்து 2010இல் வந்த சோதனையில், மூன்று வருடம் பிழைத்திருந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 59 ஆனார்கள். அதை நடத்தியது மவுண்ட் வெர்னான் மருத்துவமனையின் குழு. தாம்லின்சனோடு நுண்ணோக்கியில் பார்த்தாரே அந்தக் கிரே, அவர் வேலை பார்த்த அதே இடம். கதிர்வீச்சு டோஸின் அலகுக்கு அவர் பெயர்தான். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி நெறியும் சிறுநீர்ப்பைக்குக் கரண்ட் வைக்கும்போது இதை ஒரு தேர்வாக ஏற்றுக்கொண்டது.

நடைமுறை எப்படி? சிட்டிங்குக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன் மாத்திரை விழுங்க வேண்டும். மெஷினில் படுத்ததும் சில நிமிடம் கார்போஜன், கதிர் பாயும்வரை விடாமல் அதுவே. சிறுநீர்ப்பை நோயாளிக்கு முகம் சும்மா இருக்கிறது, முகத்தில் கருவி மாட்டினால் யாருக்கும் இடைஞ்சலில்லை. வாய்ப்புண்ணோடு, முகம் அசையாதபடி பிளாஸ்டிக் மாஸ்க் இறுக்கிப் படுத்திருப்பவருக்கு இது தினசரி அவஸ்தை. தலை, கழுத்துக்கு இது பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆக்சிஜன் போல நடிக்கும் மாத்திரை

எனக்குப் பிடித்த யோசனை இது. ஆக்சிஜனை உள்ளே அனுப்பினால் வழியில் இருக்கும் செல்களே சாப்பிட்டுவிடுகின்றன. ஆக்சிஜன் செய்யும் வேதிவேலையைச் செய்யக்கூடிய, ஆனால் செல்கள் சாப்பிடாத ஒரு மூலக்கூறை அனுப்பினால்? அது கடைசிவரை போய்ச் சேரும். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் மெட்ரோனிடசோலின் உறவுக்கார மருந்துகளில் இந்தக் குணம் இருக்கிறது. முதலில் வந்த மிசோனிடசோல் நரம்புகளைப் பாதித்து, கை கால் மரத்துப்போகவைத்தது. அடுத்து நிமோரசோல்.

டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென்று டஹான்கா என்ற குழு 1976 முதல் இயங்குகிறது. அவர்களின் ஐந்தாவது சோதனை 1998இல் வெளியானது. தொண்டை, மேல் குரல்வளைப் புற்றுநோய் உள்ள 422 பேர். வெறும் கரண்ட் அணியில் ஐந்து வருடக் கட்டுப்பாடு, அதாவது கட்டி திரும்பாமல் இருந்தது, 33 சதவீதம், நிமோரசோல் அணியில் 49. டென்மார்க் அதையே வழக்கமான சிகிச்சையாக்கிக்கொண்டது. சிட்டிங்குக்கு 90 நிமிடம் முன் மாத்திரை. முக்கியத் தொல்லை குமட்டல், வாந்தி. ஏற்கெனவே விழுங்கவே சிரமப்படும் தொண்டைக்குத் தினமும் அத்தனை மாத்திரை என்பது கேட்க எளிது, செய்யக் கடினம்.

மற்ற நாடுகள் ஏன் பின்பற்றவில்லை? டென்மார்க் சோதனை நடந்த காலத்தில் கரண்டோடு கீமோ சேர்ப்பது வழக்கமாகவில்லை. இப்போது உடம்பு தாங்கும் நோயாளிக்குச் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தே தருகிறார்கள். சரி, கீமோ தாங்காதவர்களுக்காவது நிமோரசோல் உதவுமா என்று இங்கிலாந்தில் நிம்ராட் சோதனை நடத்தினார்கள். 300க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஆக்சிஜன் குறைந்த கட்டி எது என்று மரபணு முத்திரை வைத்துப் பிரித்தும் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. அதன் முடிவு வந்ததிலிருந்து டென்மார்க்குக்கு வெளியே இந்த மாத்திரைக்காக அலைவதில் நியாயமில்லை என்பது என் எண்ணம். எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய்க்கு டென்மார்க்கின் சோதனையிலேயே அது பயன்படவில்லை.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் விஷமாக மாறும் டிராபசமின் என்ற மருந்துக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 861 பேரிடம் சோதித்து 2010இல் வந்த முடிவு: மருந்து சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அதே சோதனையிலிருந்து வந்த இன்னொரு கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கரண்ட் திட்டத்தைச் சரியாக வகுத்துக் கொடுத்த இடங்களில் இரண்டு வருடம் பிழைத்திருந்தவர்கள் 70 சதவீதம். திட்டத்தில் பெரிய குறை இருந்த நோயாளிகளில் 50. புது மருந்தால் அசைக்க முடியாததை, ஒழுங்கான வேலை இருபது புள்ளி அசைத்திருக்கிறது.

ரத்தத்தைக் கூட்டுவது

ஹீமோகுளோபின் குறைந்த நோயாளிகளுக்குக் கரண்ட் பலன் குறைவு என்பது பல ஆய்வுகளில் பார்த்தது. அப்படியானால் கூட்டிவிட்டால் போதுமே? இங்கேதான் தர்க்கம் காலை வாரியது. டென்மார்க்கில் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் ஏறியது, நோயின் போக்கு மாறவில்லை. ரத்தம் ஊறுவதற்காகச் சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியின் கதை இன்னும் மோசம். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சோதனையில் 351 பேர். ஊசி போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது, கூடவே கட்டியும் அதிகம் திரும்பி வந்தது. டஹான்கா குழு இதே வகை மருந்தைச் சோதித்துப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

களைப்பு, மூச்சிரைப்பு, இரும்புச் சத்துக் குறைவு என்று டாக்டர் ரத்தமோ இரும்போ கொடுத்தால் அது நோயாளி தெம்பாக இருப்பதற்கு. அதை மறுக்க வேண்டாம். கட்டிக்கு ஆக்சிஜன் என்ற பெயரில் ஊசியைக் கேட்டு வாங்க வேண்டாம்.

இழுப்பதைக் குறைப்பது

வரவைக் கூட்டாமல் செலவைக் குறைக்கலாம் என்பது இன்னொரு வழி. கட்டியின் செல்கள் ஆக்சிஜனை உறிஞ்சும் வேகத்தைக் குறைத்தால், இருப்பது உள்ளே வரை எட்டும். கணினி மாதிரிகளில் ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. மலேரியா மருந்தான அட்டோவகோனை ஆக்ஸ்போர்டில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் குறைந்த பகுதி ஸ்கேனில் சுருங்கியது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் இதே காரணத்துக்காகப் பேசப்பட்டது. அதை நுரையீரல் புற்றுநோயில் கரண்ட், கீமோவோடு சேர்த்த இரண்டு சோதனைகள் 2021இல் வந்தன. ஒன்றில் பலனில்லை, மற்றதில் நோயாளிகளுக்குக் கெடுதலே. வீட்டில் இருக்கிறதே என்று சர்க்கரை இல்லாதவர் மெட்ஃபார்மின் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம்.

கீமோ மருந்துகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. பாஸ்டனில் மார்பகக் கட்டிகளில் ஊசி வைத்து அளந்தபோது, பாக்லிடாக்சல் முதலில் கொடுத்தவர்களுக்குக் கட்டிக்குள் இருந்த இறுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தளர்ந்து, ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. டாக்சோரூபிசின் முதலில் கொடுத்தவர்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எந்த மருந்து முதலில் என்பது கூடக் கட்டியின் மூச்சை மாற்றுகிறது.

தலை, கழுத்தில் கீமோவின் நன்மைக்கு ஆக்சிஜன் மட்டும் காரணமில்லை. ஆனால் முடிவெடுக்கும்போது எண்களைப் பார்த்தால் போதும். சிறுநீரகம் பலவீனம், காது மந்தம் போன்ற காரணங்களால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களிடம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை வாராவாரம் சிறிய அளவு டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்தது. 2023இல் வந்த முடிவில் இரண்டு வருடம் பிழைத்திருந்தவர்கள் 41.7 சதவீதத்திலிருந்து 50.8. இது நம் ஊர் நோயாளிகளைப் போன்றவர்களிடமே கிடைத்த முடிவு. கிட்டத்தட்ட இதே நிலையில் இருந்தவர்களிடம்தான் நிம்ராட்டின் நிமோரசோல் தோற்றது. இரண்டில் எதைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அளந்து டோஸைக் குறைப்பது, கதிரை மாற்றுவது

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ஆக்சிஜன் குறைந்த கட்டிக்கு டோஸைக் கூட்டுவதற்குப் பதில், ஆக்சிஜன் நன்றாக இருக்கும் கட்டிக்குக் குறைத்தால் என்ன? எச்.பி.வி. வகைத் தொண்டைப் புற்றுநோயில், முதல் கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டு, கழுத்து நெறிகட்டியை எஃப்-மிசோ ஸ்கேனில் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைவு இல்லை, அல்லது சிகிச்சை தொடங்கியபின் சரியாகிவிட்டது என்றால் 70 கிரேக்குப் பதில் 30 கிரே, கூடவே கீமோ. 150க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு 30 போதும் என்றானது. அவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் வரை அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. நம் பக்கத்தில் புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அது வேறு குணமுள்ள நோய்.

கார்பன் அயனிக் கதிர் அடர்த்தியாகச் சேதம் செய்வதால் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்பதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஜப்பானின் சிபாவில் 1994 முதல் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் 2019 முதல் கிடைக்கும் புரோட்டானை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. புரோட்டானின் அனுகூலம் பக்கத்து உறுப்புகளுக்கு டோஸ் குறைவதுதான். ஆக்சிஜன் விஷயத்தில் அது சாதாரணக் கதிர் மாதிரிதான்.

காசில்லாத இரண்டு

பீடிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை லேசில் இறக்கிவைக்காது. பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால் மருத்துவமனை வாசலில் டீயோடு ஒன்று பற்றவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தால், கதிர் பாயும் அந்தக் கணத்தில்தான் கட்டிக்கு ஆக்சிஜன் குறைவாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் கார்பன் மோனாக்சைடைப் பிரித்துப் பார்க்க முடியாது, அது அப்போதும் 98 காட்டும்.

1993இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வில் கரண்ட் காலத்திலும் புகைத்தவர்களில் கட்டி முழுதாகக் கரைந்தது 45 சதவீதம் பேருக்கு, புகைக்காதவர்களில் 74. இரண்டு வருடம் பிழைத்திருந்தவர்கள் 39க்கு 66. விடாமல் புகைப்பவர்கள் வேறு விதங்களிலும் பலவீனமானவர்களாக இருக்கலாம், முழு வித்தியாசமும் புகையால் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாதிதான் புகையால் என்றாலும், மேலே பார்த்த மருந்துகளின் மிகச் சிறந்த பலனுக்கு அது கிட்டத்தட்டச் சமம். மெல்லும் புகையிலையில் கார்பன் மோனாக்சைடு இல்லை, ஆகவே இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதை விடுவதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு.

இரண்டாவது, சிட்டிங் தவறாமை. நடுவில் ஒரு வாரம் விட்டால் தப்பிய செல்கள் பெருகும். தலை, கழுத்துக் கட்டிகளில் நாலாவது வார வாக்கில் அந்தப் பெருக்கம் வேகமெடுக்கிறது. இதில் ஆக்சிஜனைவிடப் பெருக்கத்தின் பங்கே பெரிது. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: விடாமல் போவது. வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு சிட்டிங் கொடுத்து, பல வளரும் நாடுகளில் சர்வதேச அணுசக்தி முகமை நடத்திய சோதனை 2010இல் வந்தது. மொத்த டோஸ் ஒன்றுதான், சீக்கிரம் முடித்தார்கள். ஐந்து வருடக் கட்டுப்பாடு 30 சதவீதத்திலிருந்து 42 ஆனது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை, சனிக்கிழமையும் மெஷின் ஓடியது.

ஆகவே டாக்டரிடம் ஆக்சிஜன் பற்றி ஒரு கேள்வி கேட்க நேரம் கிடைத்தால், நான் கேட்பது இதுதான்: இந்த ஏழு வாரத்துக்குள் தீபாவளியோ பொங்கலோ வருகிறதா, மெஷின் பழுதாகி நின்றால் என்ன ஏற்பாடு? இங்கிலாந்தின் கதிரியக்க மருத்துவர் கல்லூரி, இந்த வகைப் புற்றுநோய்க்கு மொத்தக் காலம் திட்டமிட்டதைவிட இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. விட்டுப்போன சிட்டிங்கைச் சனிக்கிழமை ஈடுகட்டலாம். அல்லது ஒரே நாளில் இரண்டாகக் கொடுக்கலாம், நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு. கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், சனிக்கிழமை முடியுமா என்று இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.